பிசுபிசுக்கும் பழைய பொம்மையை என்ன செய்வது?

கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வீட்டு வேலைக்குப் போனவங்க தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும்போது, அந்த வீடுகளில் கொடுத்த பழைய பொம்மைகளையும் நம்ம பிள்ளைகளுக்குக் கொண்டுவருவதுண்டு. சிலதைத் தொட்டால் கையில் ஒட்டும். அது வெறும் அழுக்கு அல்ல.

வினைல் இயல்பிலே கடினமான பிளாஸ்டிக். அதை மென்மையாக்க ஒருவகை எண்ணெய் சேர்க்கிறார்கள். வருடம் போகப் போக அது வெளியே கசியும். தூசியும் அடுப்புப் புகையும் அதில் ஒட்டிக்கொள்ளும். இறப்பர் பொம்மை என்றால், காற்றும் வெயிலும் பட்டு இறப்பரே கெட்டு இளகும், அல்லது வெடிக்கும்.

கழுவும் முறை:

1. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மெல்லிய துணியை நனைத்துத் துடையுங்கள்.

2. சாயம் பூசிய கண், வாய்ப் பக்கம் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

3. நல்ல தண்ணீரால் துடைத்து, நிழலில் காய வையுங்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பொம்மை மேலும் கெடும். பவுடர் போட்டால் பிசுபிசுப்பு மறையுமே தவிர, போகாது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டியும் வைக்காதீர்கள்.

முக்கியமான விசயம் இதுதான். கழுவினாலும் எண்ணெய் திரும்பக் கசியும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இவ்வகை எண்ணெய்கள் ஆறினை ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் தற்காலிகமாகவும், 2005 இல் நிரந்தரமாகவும் தடை செய்தது. நம்ம கைக்கு வருவது அதற்கு முந்திய பொம்மையாக இருக்கலாம். ஆகவே, ஒட்டும் பொம்மையைக் கைக்குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பெரிய பிள்ளைகள் விளையாடினால் கை கழுவச் சொல்லுங்கள். அன்பாகக் கொண்டுவந்ததை எறிய மனமில்லையா? அலுமாரி மேல் வைத்து அழகு பார்ப்போம்.