புரட்டிப் படுக்க வைக்கும் கைகள்

2018 ஏப்ரல். சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி ஒரு மாதத்துக்கும் மேலாக எழ முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தாள். யானைக்கு நீண்ட படுக்கை ஆகாது. கீழ்ப்பக்கத்துச் சதையை நசுக்குவது அதன் சொந்த எடைதான்; நுரையீரலும் அந்தப் பாரத்தில் திணறும். ராஜேஸ்வரியின் உடம்பில் புண்கள் வந்துவிட்டன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று கால்நடை மருத்துவர்கள் சான்று தந்தால் கருணைக் கொலை செய்யலாம் என்றது நீதிமன்றம். ஊசிக்கு வேலை வரவில்லை. சில நாட்களில் அவளே போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு முந்தைய மாதம், மார்ச் 9 அன்று, உச்ச நீதிமன்றம் மனிதர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. பிழைக்க வாய்ப்பில்லாத நிலை வந்தால் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஊசி போட்டு மனித உயிரைப் போக்குவது மட்டும் இன்றும் குற்றமே. விலங்குக்கு, 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் அதற்கும் இடம் தருகிறது.

ஊசி போடலாமா, உயிர்காப்புக் குழாயை எடுக்கலாமா என்று ஊரே விவாதிக்கிறது. அதற்கு முன்னால் படுக்கையில் கழியும் நாட்களைப் பற்றிப் பேச ஆளில்லை. உண்மையான பாடு அங்கேதான் இருக்கிறது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் ஊழியர் ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளை சிதைந்து படுக்கையில் விழுந்தார். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும் வரை அதே மருத்துவமனையின் நர்ஸுகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற்றுப் போக, அடுத்த தலைமுறை வந்தது. கருணைக் கொலை கேட்டு வந்த மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, மருத்துவர்கள் போய்ப் பார்த்தார்கள். மீன் என்றால் முகம் மலர்கிறது, பிடிக்காத சாப்பாட்டைத் துப்பிவிடுகிறார் என்று தெரிந்தது. அத்தனை வருடத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை என்பதும் பதிவானது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு! வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களில் அழுத்தம் நீடித்தால் ரத்தம் ஓடாது. தோல் சிவக்கும், விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்ட வேண்டும், நடுராத்திரியிலும். இழுத்தால் தோல் உரியும். விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தூக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கக் கூடாது.

இதை வீட்டாருக்கே கற்றுத்தர முடியும் என்று காட்டியது கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நோயாளியின் வீட்டுக்கே அழைத்துப் போனது. 2008-இல் இதற்கென மாநில அரசே கொள்கை வகுத்தது.

கன்று போட்ட பசு எழ முடியாமல் படுத்துவிட்டால் கால்நடை மருத்துவர் சொல்வதும் இதே வைத்தியம்தான். அடியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பு, சில மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிப் போடு. கோணியை அடியில் கொடுத்து நாலு பேர் தள்ளினால் பசு புரண்டுவிடும். ராஜேஸ்வரியைப் புரட்ட நாலு பேர் போதவில்லை.