பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிடுவது ஏன்?

தோட்டத் தோழர்களே,

பீடோங், குரூண் பக்கமிருந்து சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகிற நம்மவர்கள், "எனக்குப் பின்னால வந்தவரை முதல்ல கூப்பிட்டாங்களே!" என்று மனம் கசப்பதுண்டு. அது பாரபட்சமல்ல. அங்கே வந்த வரிசையைப் பார்ப்பதில்லை, ஆபத்தைத்தான் பார்க்கிறார்கள். உயிருக்குப் போராடுபவருக்குச் சிவப்பு, அடுத்த நிலைக்கு மஞ்சள், ஆபத்தில்லாதவருக்குப் பச்சை. பச்சைக்காரர்தான் நெடுநேரம் காத்திருப்பார்.

சளி, காய்ச்சல்தானே? பக்கத்து அரசாங்க கிளினிக் போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மார்வலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி என்றால் தாமதம் வேண்டாம். 999-ஐ அழையுங்கள்.

டாக்டர்களுக்கும் குறையுண்டு. நிரந்தர வேலை கேட்டு ஒப்பந்த டாக்டர்கள் 2021 ஜூலை 26-இல் பல மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்களே!

அன்றைய கூலி போய்விடுமே என்று நோயை மறைக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. 2 வருஷ வேலைக்கு 18, 5 வருஷத்துக்கு 22. டாக்டரிடம் எம்.சி. வாங்குங்கள்; 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

சட்டம் தந்ததைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, தோழர்களே!