அப்பாவோட செட்டில்மென்ட் பணம் எங்கே இருக்கு? இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்க!

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீடா? அப்போ உங்களுக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு ஆட்கள் ரெண்டு வகையா இருப்பாங்க. ஹெச்.வி.எஃப், ஓ.சி.எஃப்-ல வேலை பார்த்த சீனியர்களுக்கு மாசம் பிறந்தா அரசு பென்ஷன் வந்துடும். எஸ்டேட் கம்பெனிகள்ல உழைச்சவங்க கதை வேற. இ.பி.எஃப் பென்ஷனுக்கு 2014-ல் நிர்ணயிச்ச குறைந்தபட்சத் தொகையே மாசம் 1,000 ரூபாய்தான். அதனால மொத்தமா கைக்கு வர்ற பி.எஃப், கிராஜுவிட்டியை எங்கேயாவது போட்டு, அந்த வட்டியிலதான் குடும்பம் ஓடும்.

போட்ட இடமே கவிழ்ந்துட்டா?

150 வருஷ நம்பிக்கை

நம்ம சென்னையிலேயே நடந்துச்சு. மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட், 1872-ல் தொடங்கின நிதி நிறுவனம். ஆருத்ரா மாதிரி மாசத்துக்கே 25, 30 சதவிகிதம்னு இங்கே யாரும் ஆசை காட்டலை. தாத்தா காலத்து நிறுவனம்னு நம்பி, ஓய்வுக்காலப் பணத்தைப் போட்ட முதியவர்கள் ஏராளம். முதிர்வுத் தொகை வரலை, கொடுத்த செக் திரும்பி வந்துச்சு. 2024 ஆகஸ்ட்டில் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் கைது செய்தனர். பேராசைப்படாத, நிதானமான ஆட்களும் மாட்டுவாங்கங்கிறதுதான் இதுல பயமுறுத்துற விஷயம்.

நாம எங்கேயும் போடாமலே மாட்டிக்கிறதும் உண்டு. உத்தரப்பிரதேச மின் ஊழியர்களோட பி.எஃப் பணத்தை அவங்க டிரஸ்ட் டி.ஹெச்.எஃப்.எல் நிறுவனத்துல போட்டுச்சு. 2019-ல் அந்த நிறுவனம் தள்ளாடினப்போ 2,200 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கிடுச்சு. ஊழியர்கள் போராடின பிறகே மாநில அரசு பொறுப்பேற்றது.

அடி யாருக்கு?

வட்டி நின்னா முதல்ல பி.பி மாத்திரை பாதியாகும். 65 வயசுல அப்பா வாட்ச்மேன் வேலை தேடுவார். தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போகும். நீங்க பர்சனல் லோன் எடுப்பீங்க. அதோட உங்க சேமிப்பும் நிக்கும். அவமானத்துல அவர் விசேஷங்களுக்குப் போறதையே நிறுத்திடுவார். பல வீட்டுல பிள்ளைகளுக்கு விஷயம் தெரியறதே கடைசியிலதான்.

கவிழ்ந்தா யார் தருவாங்க?

ஒவ்வொரு ரசீதையும் பார்த்து இதைக் கேளுங்க.

* வங்கி, கூட்டுறவு வங்கி: ஒரு வங்கியில ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. அதுக்கு மேல இருந்தா வேற வங்கிக்கும் பிரிச்சுப் போடலாம்.
* போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டம்: மத்திய அரசே பொறுப்பு. 30 லட்சம் வரை போடலாம்.
* நிதி நிறுவனம், ஃபைனான்ஸ் கம்பெனி: பேர்ல ‘ஃபண்ட்’, ‘நிதி’ன்னு இருந்தாலும் இவை வங்கி கிடையாது. அந்த 5 லட்சம் இன்ஷூரன்ஸ் இங்கே இல்லை.

ஏற்கெனவே சிக்கிட்டீங்களா? பொருளாதாரக் குற்றப்பிரிவில் சீக்கிரம் புகார் கொடுங்க. 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தோட சொத்துகளை முடக்கி, விற்று, பணத்தைப் பிரிச்சுத் தர முடியும். வருஷக்கணக்கில் இழுக்கும், அதனால ஒரிஜினல் ரசீதுகளை பத்திரமா வெச்சுக்கோங்க.

அப்பாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறது? “எங்கே போட்டு ஏமாந்தீங்க?”ன்னு கேட்டா வாயே திறக்க மாட்டார். “நாமினி பேர் சரியா இருக்கான்னு பார்த்துடலாம்பா, ரசீதை எடுங்க”ன்னு கேட்டுப் பாருங்க. எல்லாமே மேஜைக்கு வந்துடும்.