செவ்வாயில் குடியேற முடியுமா?

மதுரைக்குப் பக்கத்தில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர்.

இந்த ஊர்க் கோவிலைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு சமயம் சனி பகவானை வாத நோய் பிடித்துக் கொண்டதாம். அவர் இங்கே வந்து சிவனைக் கும்பிட்டார். நோய் தீர்ந்தது!

கிரகமே ஊரைத் தேடி வந்த கதை அது. இப்போது மனிதன் கிரகத்தைத் தேடிப் போகிறேன் என்கிறான். செவ்வாயில் குடும்பத்தோடு குடியேறப் போகிறானாம்!

நடக்கிற காரியமா?

திரும்பாத பயணம்

ஹாலந்து நாட்டில் "மார்ஸ் ஒன்" என்று ஒரு கம்பெனி கிளம்பியது. செவ்வாய்க்கு ஆட்களை அனுப்புவதாக 2012-ம் ஆண்டில் அறிவித்தது. போனால் திரும்ப முடியாது. சாகும் வரை அங்கேதான்!

இதற்கும் ஆட்கள் பணம் கட்டி மனுப் போட்டார்கள். 2015-ல் 100 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களில் 3 பேர் இந்தியர்கள்.

செவ்வாய்க்குப் போய்ச் சேருவது முடியாதது அல்ல. நம் நாட்டு மங்கள்யான் 2013 நவம்பர் 5-ந் தேதி புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சேர்ந்தது. பத்து மாதத்துக்கு மேல் பயணம். ஆனால் அது இயந்திரம். அதற்குச் சோறு வேண்டாம், மூச்சும் வேண்டாம்.

மூச்சுக்கு என்ன வழி?

செவ்வாயின் காற்றில் 100-க்கு 95 பங்கு கரியமில வாயு. அந்தக் காற்றும் மிக மிக லேசானது.

அதிலிருந்து பிராண வாயு எடுத்துப் பார்க்க, அமெரிக்கா ஒரு சிறு இயந்திரத்தை அனுப்பியது. 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓட்டினார்கள். கிடைத்தது மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு 4 மணி நேரத்துக்குக் கூடக் காணாது! (சோதனைக்காகச் செய்த சின்னக் கருவிதான். அது நன்றாகவே வேலை செய்தது.)

கண்ணாடி வீடு

பூமியிலேயே இதை ஒத்திகை பார்த்தார்கள். அமெரிக்காவில் அரிசோனா என்ற இடத்தில், 3 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தைக் கண்ணாடியால் மூடினார்கள். உள்ளே வயல், காடு, குட்டிக் கடல் எல்லாம் உண்டு. 1991 செப்டம்பரில் ஆணும் பெண்ணுமாக 8 பேர் உள்ளே போனார்கள். கதவு அடைக்கப்பட்டது.

நாளாக ஆக அவர்களுக்கு மூச்சு வாங்கியது. காற்றில் 21 பங்கு இருந்த பிராண வாயு 14 பங்குக்கு இறங்கிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? எருச் சத்து மிகுந்த மண்! அதில் இருந்த கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பிராண வாயுவைத் தின்றுவிட்டன.

விளைச்சல் போதவில்லை, எல்லோரும் இளைத்தார்கள். தேனீக்கள் செத்தன. எறும்பும் கரப்பான் பூச்சியும் மட்டும் பெருகின!

கடைசியில், 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராண வாயுவை உள்ளே செலுத்தினார்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

செவ்வாயில் "வெளியிலிருந்து" யார் கொடுப்பது?

திருவாதவூர் விவசாயியின் மோட்டார் பழுதானால், மேலூரிலோ மதுரையிலோ சாமான் வாங்கி மாட்டிவிடுவார். செவ்வாய்க்கு ராக்கெட்டு அனுப்ப வசதியான சமயம் 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

ஹாலந்து கம்பெனி என்ன ஆயிற்று? 2019 ஜனவரியில் திவால்! அந்த 100 பேரில் ஒருவர் கூடப் புறப்படவில்லை.