உப்பளத்து வளைவில் ஒரு கனத்த பைக்

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பைக் ஓட்டத் தெரிந்தவனா என்பது அங்கேதான் தெரியும் என்பார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை அப்படி யாரும் சொல்வதில்லை. மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் தாண்டி மரக்காணத்து உப்பளங்களை நெருங்கும்போது சாலை பெரும்பாலும் நேராக ஓடும். வளைந்தாலும் நோகாமல் வளையும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு விதமாக வருகிறது.

12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பும் பைக் ஏறக்குறைய 15 டிகிரி சாயவேண்டும். 150 மீட்டர் ஆரமுள்ள சாதுவான வளைவில் 80 கிலோமீட்டரில் போகும் பைக்குக்கு 19 டிகிரி வேண்டும். வேகம் இரு மடங்கானால் வளைவு கேட்கும் பக்கவிசை நான்கு மடங்காகிறது. ஆரம் இரு மடங்கானால் அந்த விசை பாதிதான் குறைகிறது. இந்தப் போட்டியில் வேகம்தான் எப்போதும் முந்துகிறது. மலையில் வளைவு கண்ணுக்கு முன்னால் நின்று மிரட்டுவதால் யாரும் தானாகவே வேகத்தைக் குறைப்பார்கள். கடற்கரையில் அந்த மிரட்டல் இல்லை.

சாயும் கோணத்தைத் தீர்மானிக்கும் சூத்திரத்தில் எடைக்கு இடமே கிடையாது. ஈர்ப்பு விசையும் வளைவுக்கான விசையும் இரண்டுமே எடைக்கு நேர்விகிதம் என்பதால் அது அடிபட்டுப் போகிறது. ஆக, 110 கிலோ வண்டியும் 240 கிலோ வண்டியும் ஒரே வளைவில் ஒரே வேகத்தில் போனால் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றுதான். (டயர் அகலமானால் சற்றே கூடுதலாகச் சாயவேண்டும், தரையைத் தொடும் இடம் டயரின் உள்பக்கமாக நகர்ந்துவிடுவதுதான் காரணம்.) திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையின் வழிவந்த சூப்பர் மீட்டியார் 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எடை 241 கிலோ. ஓட்டுபவர், பின்னால் ஒருவர், இருபுறமும் பெட்டிகள் என்று சேர்ந்தால் 400 கிலோவை எட்டிவிடும். இந்தக் கனம் சாய்ந்து நிற்பதற்குத் தடையில்லை. சாய்வை மாற்றுவதற்குத்தான் தடை. நிமிர்ந்த வண்டியைச் சாய்க்கவும் சாய்ந்ததை நிமிர்த்தவும் நேரம் பிடிக்கும். இடவளைவு முடிந்த கையோடு வலவளைவு வந்தால் சின்ன வண்டிக்காரர் வளைவைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். பெரிய வண்டிக்காரர் அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

எப்படிச் சாய்ப்பது? இந்தக் கேள்விக்குச் சரியான விடையை ஓட்டத் தெரிந்தவர்களில் மிகப் பலரால் சொல்ல முடியாது. விமானம் கட்டுவதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டிகள் பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முழு உண்மையை முதல் தடவையிலேயே சொன்னவர் ஒருவரும் இல்லை. உண்மை இதுதான்: வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், முதலில் ஹேண்டிலை ஒரு கணம் இடப்பக்கம் திருப்புகிறோம். அதாவது வலக்கைப் பிடியை முன்னோக்கி அழுத்துகிறோம். முன்சக்கரம் இடப்பக்கமாக நழுவ, மேலே இருக்கும் கனம் ஆதாரமிழந்து வலப்பக்கம் விழத் தொடங்குகிறது. விழத் தொடங்கியதும் முன்சக்கரம் தானே வலப்பக்கம் திரும்பி, அந்த வீழ்ச்சியைப் பிடித்து வளைவாக மாற்றுகிறது. ஒவ்வொரு திருப்பமும் பாதியில் தடுக்கப்பட்ட ஒரு விழுகை. சைக்கிள் பழகிய நாளிலிருந்து நம் கைகள் இதைச் செய்துகொண்டே இருந்திருக்கின்றன, நமக்குச் சொல்லாமலே.

உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் இதைச் சோதிக்க ஒரு பைக்கில் சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இன்னொரு ஹேண்டிலை வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு எப்படி உடம்பை வளைத்தாலும் வண்டி லேசாகத் தள்ளாடுகிறதே தவிர, நினைத்த பக்கம் உறுதியாகத் திரும்புவதில்லை. அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் வகுப்பு நடத்தியிருக்கிறது. உடம்பைச் சாய்ப்பதற்கு வேறொரு பயன் இருக்கிறது. ஓட்டுபவர் உள்பக்கம் சற்று நகர்ந்தால் அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். கால்வைக்கும் கட்டை தாழ்வாக அமைந்த, பின்னால் ஆள் உட்கார்ந்து இன்னும் தாழ்ந்த வண்டிக்கு அந்த இரண்டு மூன்று டிகிரி மிகப் பெரிய உதவி.

சாய்வுக்கு மனிதனிடம் பிறவியிலேயே ஒரு வரம்பு இருக்கிறது என்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் பெர்ன்ட் ஷ்பீகல். ஓட்டுபவரை ‘மோட்டார் சைக்கிளின் மேல்பாதி’ என்று தலைப்பிலேயே அழைத்த நூல் அவருடையது. மண்ணிலும் புல்லிலும் ஓடிப் பழகிய உடம்பு ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் சறுக்கும் என்று அறிந்து வைத்திருக்கிறதாம். டயரும் தாரும் சேர்ந்தால் அதைப் போல இரு மடங்கு சாய்வையும் தாங்கும். நம் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வளைவின் நடுவே வேகம் அதிகமென்று தோன்றியவுடன் உடம்பு விறைக்கிறது, வண்டியை நிமிர்த்துகிறது, எதிர்ப்புறம் வரும் லாரியையே கண்கள் வெறிக்கின்றன. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய வளைவில் வண்டி வெளியே ஓடிவிடுகிறது. பயிற்சி என்பதில் பெரும்பகுதி இந்தப் பழைய அச்சத்துக்குப் புதிய எல்லையைக் காட்டுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்குக் கொடுக்கும் வேலையும் எளிமையானது. வளைவில் சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் இடம் ஒன்று உண்டு. நாம் முன்னேற முன்னேற அந்த இடம் விலகிப் போய்க்கொண்டிருந்தால் வேகம் பொருத்தமானது. அது நம்மை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். பிரிட்டிஷ் காவல்துறையின் ஓட்டுநர் பயிற்சி இதை அடிப்படைப் பாடமாகவே வைத்திருக்கிறது. 80 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஒரு புள்ளியின் அருமை விளங்கும்.

இனி மரக்காணத்துக்கே உரிய விஷயம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இந்தக் கரையில், 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கழுவெளி நீர்நிலைக்குப் பக்கத்தில், பாத்தி பாத்தியாகக் கடல் உப்பு விளைகிறது. மூட்டை ஏற்றிய லாரிகள் போகும் சாலையில் கொஞ்சம் உப்பு சிந்தத்தான் செய்யும். தூய சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். பாத்தியில் விளைந்த கச்சா உப்பில் கசப்புத் தரும் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். கடலோர விடியற்காலையில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே ஒரு துளி மழை பெய்யாத நாளிலும், வானம் தெளிந்திருக்கும்போதே, சாலையில் சிந்திய உப்பு ஈரத் திட்டாகிக் கிடக்கலாம். வெயில் ஏறியதும் காய்ந்து வெள்ளைத் தடமாகிவிடும். புதுச்சேரி போகிற பைக் கூட்டங்கள் சென்னையை விட்டுப் புறப்படுவது பெரும்பாலும் அந்த ஈர வேளையில்தான்.

அந்தத் திட்டில் என்ன ஆகும்? பைக் தரையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரால். அந்த ரப்பரின் பிடிமானத்தைத் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் பங்கிட்டுக்கொள்கின்றன. காய்ந்த தாரில் பிடிமானக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். நம் 150 மீட்டர் வளைவில் 80-ல் போகும்போது திரும்புவதற்கே 0.34 செலவாகிறது. இரண்டும் செங்குத்தான திசைகளில் இழுப்பதால் நேராகக் கழிக்கக் கூடாது. பித்தகோரஸ் முறையில் கழித்தால் பிரேக்குக்கு 0.73 மிச்சம். தாராளம். கெழு பாதியாகி 0.4-க்கு இறங்கினால் மிச்சம் 0.22-தான். பிடிமானம் பாதியானபோது பிரேக் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது! அதே திட்டில் 60 கிலோமீட்டரில் வந்திருந்தால் 0.35 மிச்சமிருக்கும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல ஏற்பாடு, பல உயிர்களைக் காக்கும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதே அதன் வேலை. இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் சாதாரண ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. சாய்வை அளக்கும் உணர்கருவி கொண்டவை விலை உயர்ந்த வண்டிகளிலேயே பெரும்பாலும் வருகின்றன. எனவே தேர்ந்தவர்கள் பிரேக் வேலையை நிமிர்ந்த நிலையில், வளைவுக்கு முன்பே பெரிதும் முடித்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து வேகத்தைச் சீராக வைக்கிறார்கள். எடை முன்னும் பின்னும் ஊசலாடாமல் இருந்தால் டயரும் திடுக்கிடாது.

காற்று கடைசி. புதுச்சேரி நோக்கிப் போகையில் கடல் இடக்கைப் பக்கம். சவுக்குத் தோப்பு ஓரமாக ஓடும்வரை காற்று தெரியாது. தோப்பு முடிந்து மரமற்ற உப்பளம் திறந்ததும் மதியக் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். கண்ணாடித் தடுப்பும் பெட்டிகளும் கொண்ட வண்டியில் அது தள்ள இடம் அதிகம். இதற்கும் அதே வித்தைதான்: இடக்கைப் பிடியை முன்னோக்கி அழுத்தினால் வண்டி காற்றுக்குள் சாய்ந்து, சாய்ந்தபடியே நேராக ஓடும். அடுத்த தோப்பு வந்து காற்று சட்டென்று நின்றால் அந்தச் சாய்வு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். அழுத்தத்தை அந்த நொடியே விட வேண்டும். பிடியை இறுக்கி முழங்கையை விறைத்தவரால் அது முடியாது. காற்று அவர் மார்பிலும் தோளிலும் மோதும் ஒவ்வொரு அதிர்வும் விறைத்த கை வழியாக ஹேண்டிலுக்கு இறங்கி, முன்சக்கரம் தானாகச் செய்யும் திருத்தத்தையும் கெடுத்துவிடும். தொட்டியை முழங்கால்களால் அணைத்து, முழங்கையைத் தளர்த்தி, விரல்களை லேசாக வைத்திருப்பவருக்கு அந்தத் திருத்தத்தில் பாதியை வண்டியே செய்துகொடுக்கிறது.