பாசிட்டிவ் என்றால் பகையா?

இரத்தச்சோகைக்குக் காரணம் நோயாளியின் உடலே தன் சிவப்பணுக்களை அழிப்பதுதானா என்ற ஐயம் எழும்போது மருத்துவர்கள் கேட்பது கூம்ப்ஸ் பரிசோதனை. ராபின் கூம்ப்ஸ், ஆர்தர் மௌரன்ட், ராபர்ட் ரேஸ் மூவரும் 1945இல் வெளியிட்ட முறை இது. கழுவிய சிவப்பணுக்களோடு, மனித ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியைப் பிடிக்கும் வினைப்பொருளைச் சேர்ப்பார்கள். அணுக்களின் மேல் போதிய ஐ.ஜி.ஜி. இருந்தால் அவை திரளும், முடிவு ‘பாசிட்டிவ்’. நலமானவரின் சிவப்பணுவிலும் கொஞ்சம் ஐ.ஜி.ஜி. உண்டு, குறைவாக இருப்பதால் சோதனையில் தெரிவதில்லை. ஆக, இந்தச் சோதனை காட்டுவது ஐ.ஜி.ஜி. இருப்பதை மட்டுமே. அது ஏன் அங்கே வந்தது என்பது வேறு கேள்வி.

ஆன்டிபாடி குறிவைத்துப் பிடிக்க, அதன் நுனியிலுள்ள பள்ளம் அதன் இலக்கான குறிப்பிட்ட ஆன்டிஜெனோடு வடிவத்தால் பொருந்த வேண்டும். குறியில்லாமல் ஒட்ட அது தேவையில்லை. நாயுருவி விதை யார் வேட்டி என்று பார்த்தா ஒட்டுகிறது? செஃபலோதின் என்ற மருந்தும், சில நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்த்துத் தரப்படும் டாசோபாக்டம், சல்பாக்டம், கிளாவுலனேட் ஆகியவையும் சிவப்பணுச் சவ்வை மாற்றிவிடக்கூடியவை. மாறிய சவ்வின்மேல் பிளாஸ்மாப் புரதங்கள் வகை பாராமல் படிகின்றன. ஐ.ஜி.ஜி.யோடு ஆல்புமினும் படிவதே இதற்குச் சான்று: ஆல்புமின் ஆன்டிபாடியே அல்ல, ஆன்டிஜெனைத் தேடிப் பிடிக்கும் உறுப்பும் அதற்கு இல்லை. இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. மிகுந்த நோயாளிகளிடமும் இப்படிக் குறியற்ற பாசிட்டிவ் வருவதுண்டு.

குறிவைத்துப் பிடித்தது, குறியில்லாமல் ஒட்டியது இரண்டையும் பிரித்தறிய, ஒட்டிய ஆன்டிபாடியை அமிலத்தால் கழற்றி, ஆன்டிஜென்கள் தெரிந்த வேறு சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். குறியுள்ளது மறுபடி பிடிக்கும். தற்செயலாகப் படிந்தது பிடிக்காது. அப்படியானால் பிடிக்காததெல்லாம் குறியற்றதுதானே என்று கேட்கலாம். இல்லை. பென்சிலினுக்கு எதிரான ஆன்டிபாடி, பென்சிலின் பூசிய அணுவைத்தான் பிடிக்கும். பூசாத அணுவிடம் அதுவும் சும்மா இருக்கும். ஆகவே நோயாளி எந்த மருந்து உட்கொண்டார் என்ற விவரம் இல்லாமல் இந்த முடிவுக்குப் பொருள் சொல்ல முடியாது. குறியற்றது என்று உறுதியானால் கவலையில்லை என்பாரும் உண்டு. பெரும்பாலும் சரிதான், ஆயினும் டாசோபாக்டம் போன்றவற்றால் புரதம் படிந்த சிலரிடம் சிவப்பணு அழிவும் பதிவாகியுள்ளது. எனவே தீர்ப்பை அழிவின் தடயங்களிடம் விடுவதே முறை: ஹாப்டோகுளோபின் என்ற இரத்தப் புரதம் குறைந்திருக்கிறதா, எல்.டி.எச். நொதியும் பிலிருபினும் ஏறியிருக்கின்றனவா, புதிய சிவப்பணுக்கள் பெருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாதபோது, பாசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஸ்டீராய்டு தொடங்குவது, இல்லாத நோய்க்கு மருந்து தருவதாகவே முடியும்.