மச்சான் பிடித்த கயிறு

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி கையில் இருக்கும்போது கண் அசருமா? படகில் நிற்கிறவனுக்குக் கடலடி தெரியாது. கயிறு வெடுக்கென்று இழுபட்டால் தூக்க வேண்டும். கீழிருந்து வரும் சேதி அது ஒன்றுதான்.

நிலாவின் வயிற்றுக்குள் இருப்பதை அறிவதும் ஏறக்குறைய மச்சான் வேலைதான். அப்போலோ வீரர்கள் அங்கே துளைபோட்டு இறங்கிய ஆழம் மூன்று மீட்டர் அளவே. அதிர்வோ அடிவரை போய்வரும். பாறையை அமுக்கியபடி ஓடும் அலை முதலில் வரும். பக்கவாட்டில் உதறிக்கொண்டு போவது பிந்தி வரும். இந்த இரண்டாவது அலை திரவத்துக்குள் நுழையாது. அது வராமல்போகும் இடங்களைக் கொண்டு, உள்ளே உருகிய பகுதி எங்கே என்று கணிக்கலாம்.

அப்போலோ வீரர்கள் வைத்த அதிர்வுமானிகள் 1977 வரை வேலை செய்தன. 1969இல் அப்போலோ 12இன் ஏறுகலத்தை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். அதிர்வு அடங்க ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது! நொறுங்கிய, ஈரமே இல்லாத பாறை. அதிர்வை உறிஞ்ச அங்கே தண்ணீர் இல்லை. பழைய பதிவுகளை 2011இல் மறுபடி அலசியபோதுதான், சுமார் 330 கி.மீ. ஆரமுள்ள கருவும் அதன் வெளிப்புறம் உருகிக் கிடப்பதும் தெரியவந்தன.

நம் முறை 2023 ஆகஸ்டில் வந்தது. சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்குகலம் இறக்கிவைத்த ‘இல்சா’ பெங்களூரில் செய்த அதிர்வுமானி. சிலிக்கானில் சீப்புப் பல்லாகச் செதுக்கிய உணரிகள். தரை அசைந்தால் பல்லிடைவெளி மாறும், அது மின்னழுத்தமாகப் பதிவாகும். பிரக்யான் ரோவர் உருண்டதும் பதிவானது. ஆகஸ்ட் 26 அன்று, இயற்கையானதுபோலத் தோன்றிய ஓர் அதிர்வும் வந்தது.

‘நிலாவில் நிலநடுக்கம்’ என்று செய்திகள் பறந்தன. கொஞ்சம் அவசரம்தான். ஒற்றைக் கருவியால் முடியாது என்றில்லை. செவ்வாயில் ‘இன்சைட்’ தனியாளாகவே அந்தக் கோளின் கருவை அளந்தது. ஆனால் அது 2018 முதல் 2022 வரை காத்துக் கிடந்தது. இல்சாவுக்கு வாய்த்ததோ ஒரே ஒரு நிலாப் பகல். கிடைத்த 250க்கும் மேற்பட்ட அதிர்வுகளில் சுமார் 200, ரோவரும் மற்றக் கருவிகளும் அசைந்ததால் வந்தவை. மிச்சம் ஐம்பது. துக்கடா விண்கல் விழுந்ததோ, வெயிலில் தரை நெளிந்ததோ, இன்னும் பிடிபடவில்லை.